மண்வெட்டி வெட்டியது என் காலுக்குத் தெரியவில்லை

"...டாக்டரு எடுத்தது ரெண்டு வெரலு. இன்னொரு அடி எடுத்து வச்சீகன்னா, மிச்சக் காலை நானே அருவாளால வெட்டிப்புடுவேன்!" என்று வாசலை மறித்து நின்றாள் என் மனைவி பேச்சியம்மாள்.

அவளை அப்படிப் பேசவைத்த கதை இது. நீரிழிவு (சிறுநீரில் சர்க்கரை இறங்கும் நோய்) உள்ளவர்கள் தங்கள் பாதத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியுங்கள்.

காமயகவுண்டன்பட்டி வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல் சுருளி, "மாமா, தண்ணி செவக்குது!" என்று அலறினான். மண்வெட்டி என் இடதுகால் விரல்களைப் பிளந்திருந்தது. எனக்கு எறும்பு கடித்த அளவுகூட உறைக்கவில்லை. "மாமன் காலு தேக்குக் கட்டை" என்று ஊரெல்லாம் சொன்னான் சுருளி. அந்தப் பெருமையில் மஞ்சளை அப்பிக்கொண்டு, நடவு முடியும்வரை சேற்றில் நின்றேன்.

நாற்றம்தான் என்னை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. சர்க்கரை இறங்குகிறதா என்று டாக்டர் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார். பிறகு என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லி, ஊசியை எடுத்தார்.

"எப்பக் குத்தப்போறீக?" என்றேன்.

"கால்ல குத்தி முடிச்சாச்சு. உணர்ச்சி செத்தாச்சு, இப்ப சதை சாகுது. வெட்டணும்."

கையிலிருந்த செம்பை எறிந்தேன். அவர் நெற்றி கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்குன்னா ரெண்டு விரல். ஆறப்போட்டா முழங்கால். அப்புறம் எறியறதுக்குக் கை மட்டும்தான் இருக்கும்."

மயக்கமருந்து தெளிந்தபோது வலித்தது. இருந்தபோது வலிக்காத விரல்கள், வெட்டியெறிந்த பிறகு வலித்தன.

இன்சுலின் (சர்க்கரையை அடக்கும் ஊசிமருந்து) போட்டார்கள். "இனி கால் உங்ககிட்ட எதுவும் சொல்லாது. நீங்கதான் தினமும் பார்க்கணும். வெறுங்காலோட நடக்காதீங்க. விரலிடுக்குல ஈரம் நிக்கக்கூடாது. ஒத்தடம் வேண்டவே வேண்டாம். புண் மூடுற வரைக்கும் தரையில ஊனக்கூடாது, ஊனினா முழுக்காலும் போயிரும்" என்றார் டாக்டர்.

பேச்சி தினமும் என் பாதத்தை மடியில் போட்டு, அரிசியில் கல் பொறுக்குகிறவளைப் போலத் தேடினாள். வயலும் நடவும் மறந்து, புண் ஓரத்தில் தோல் வளர்வதைப் பார்த்தே எனக்கு நாள் கழிந்தது.

புண் பாதி மூடியிருந்த நேரத்தில் சுருளி என் மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினான். "அவன் கையை வெட்டாம விடமாட்டேன்" என்று மண்வெட்டியோடு எழுந்தேன். கால் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். என் கோபத்துக்குத் தெரியவில்லை. அது இன்னும் பழைய காலிலேயே நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் பேச்சி வாசலை மறித்து அருவாள் பேச்சைப் பேசினாள். பேசிய வாய் மூடுமுன் என் நெஞ்சில் கைவைத்து ஒரே தள்ளாகக் கட்டிலில் வீழ்த்தினாள். காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, மடையை வெட்டித் திறக்கத் தானே போனாள்.