இரண்டு அட்டை கொடுத்து ஒரு டிராகனைக் கொல்வது

என் அக்காள் கணவர் பிரான்சிலிருந்து லீவுக்கு வரும்போது எல்லோருக்கும் சாக்லேட் கொண்டுவருவார். எனக்கு மட்டும் ஒரு பெட்டி நிறைய எதிரிகளைக் கொண்டுவருவார். பூதம், பாம்பு, டிராகன், மந்திரம் என்று பிரெஞ்சில் அச்சடித்த மாயாஜாலச் சண்டை அட்டைகள். உப்பளம் என்ற எங்கள் பகுதியில், வீட்டு ஹாலில் பாயை விரித்து, அட்டை பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க விளையாடுவோம். இரண்டு பேருக்கும் நாற்பது வயது ஆகப்போகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு ஒரு வியாதி. எந்த அட்டையைப் பார்த்தாலும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டாக வேண்டும். இந்த முறை எங்களுக்குள் தகராறு வந்தது ஒரு மந்திர அட்டையால். அதைப் போட்டால் எதிராளியின் எந்த மிருகமும் ஒழிந்துபோகும். ஆனால் பறிகொடுத்தவர் ஆறுதலாகத் தன் சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு அட்டை எடுத்துக்கொள்ளலாம்.

“நாலு மார்க் மச்சான். ஒண்ண எடுத்துட்டு ரெண்டு குடுக்கறதெல்லாம் ஒரு வியாபாரமா?”

“எட்டு மாமா. டிராகன் தலைமேல நிக்கும்போது எவன் கணக்கு பாப்பான்?”

லீவு முழுக்க இதே பேச்சு. சாப்பிடும்போதும் ஆரம்பித்தோம் என்று அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர்கள் கிளம்பும் நாள் காலையில் பந்தயம் கட்டினோம். நான் ஜெயித்தால் பெட்டி எனக்கு. தோற்றால் வழக்கம்போல அது அவரோடு விமானம் ஏறிவிடும். அந்தப் பெட்டி எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி வேண்டும்.

அதே மந்திரம் என் கைக்கு வந்தது. சற்று நேரத்தில் மாமா டிராகனை இறக்கினார். நான் கையை ஓங்கினேன். அம்மா வடைத் தட்டோடு வந்து நின்றாள்.

“இன்னாடா பண்ணப்போற?”

“டிராகன கொல்லப்போறேம்மா.”

“யாரோடது?”

“மாமாவோடது.”

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “ஊருக்குக் கெளம்பற மாப்பிள்ளையோடத கொல்றதா? நல்லாருக்குதாடா இது? வைடா அத!”

மாமா வடையைக் கடித்தபடி நின்றுபோன ஃபேனை ரசித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை, படுபாவி. நான் அட்டையை மற்ற அட்டைகளுக்குள் செருகினேன். டிராகன் என்னைத் தின்று முடித்தது.

“பாத்தியா, கையிலயே தூங்குது. நாலு மார்க்கே அதிகம்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

சாயங்காலம் சூட்கேஸைத் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கினோம். எடை கூடியிருந்தது. அம்மா திறந்து பார்த்தாள். மீன் குழம்பு மசாலா, மூன்று சுற்று பேப்பரில் கருவாடு, பக்கத்தில் அட்டைப் பெட்டி. அவள் யோசிக்கவே இல்லை. பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“இந்தச் சீட்டுக்கட்டெல்லாம் எதுக்கு மாப்பிள்ள? அங்க கடையில வாங்கிக்கலாம். கருவாடு கெடைக்குமா?”

மாமா பெட்டியைப் பார்த்தார், கருவாட்டைப் பார்த்தார். “சரிங்க அத்த” என்றார்.

“பத்துக்குப் பத்து மாமா” என்று அவர் காதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கார் தெருமுனை திரும்பியதும் ஓடிவந்து பாயில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு கை, அவருக்கு ஒரு கை என்று அட்டைகளைப் பிரித்துப் போட்டேன். டிராகன் அவர் பக்கம் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்னை வெறுப்பேற்ற ஆளில்லை. ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைகளை வாரிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மறுநாள் போன் வந்தது.

“மச்சான், வந்து சேந்துட்டோம். மீன் கொழம்பு வச்சாச்சு. நானும் யோசிச்சுப் பாத்தேன். அத்த என் டிராகன எடுத்துக்கிட்டாங்க, பதிலுக்கு மசாலா, கருவாடுன்னு ரெண்டு குடுத்துட்டாங்க. நீ சொன்னதுதான் சரி. அந்த கார்டுக்கு எட்டு மார்க் போடலாம்.”

நான் எதிரே காலியாகக் கிடந்த பாயைப் பார்த்தேன்.

“நாலுதான் மாமா” என்றேன்.