எல்லைக்கு அந்தாண்டை

என் அப்பா சடையப்பன் நாலு பேர் கூடினால் போதும், தோளில் கிடக்கும் பச்சைத் துண்டை உதறிவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். முள்ளிப்பட்டுக்கு அப்பால் இருக்கிற எங்கள் ஊரில் விவசாயிகள் சங்கத்தை வளர்த்ததே அவர்தான். கரண்டு பாக்கி கட்ட முடியாதவன் வீட்டு அண்டாவை ஜப்தி செய்ய ஜீப் வந்த காலம் அது. கோபம் நியாயமானதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

எழுபத்தொன்பதில் ஊர் எல்லையில் போர்டு நட்டார்கள். சங்கத்தின் அனுமதி இல்லாமல் அதிகாரிகள் உள்ளே வரக்கூடாது. அன்றைய கூட்டத்தில் எவனோ, "சொந்தக்காரன் வந்தா?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"எம் மருமவனே ஆனாலும் எல்லைக்கு அந்தாண்டதான்!" என்றார் அப்பா. கைதட்டல் அடங்கவே இல்லை.

அவருடைய ஒரே மருமகன் யார்? என் புருஷன் மாணிக்கவேல். ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீட்டுப் பிள்ளை, கரண்டாபீசில் மீட்டர் கணக்கு எடுக்கிறவர். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றிருந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளையின் மகளும் சேர்ந்து கெட்டாள்.

ஆண் குழந்தை பிறந்தது. சேதி போனதும் அவர் சைக்கிளில் கல்கண்டு கட்டிக்கொண்டு ஓடி வந்தார். எல்லையில் சங்கத்து ஆள் பழனி மறித்துவிட்டார். "தலைவரு சொன்னதுதாங்க. எங்கள பேஜார் பண்ணாதீங்க."

அப்பாவைக் கூட்டிவந்தார்கள். 'விடுங்கடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொன்னால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு சொந்தக்காரனைக் கூட்டிவருவானே! வேர்த்து ஊற்ற நின்றார் மனுஷன்.

"அப்ப புள்ளயத் தூக்கினு வாங்க. இங்கயே பாத்துட்டுப் போறேன்" என்றார் மாணிக்கவேல். பாவம், சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம்.

அதற்கு என் அம்மா விருத்தாம்பாள் குறுக்கே நின்றாள். "முப்பது கழியாத பச்சப் புள்ளய முனி நிக்கிற எல்லைக்குத் தூக்கினு போறதா? எதுனா ஆச்சின்னா யாரு பாக்கறது?"

அவர் உள்ளே வரக்கூடாது, பிள்ளை வெளியே போகக்கூடாது, நடுவில் நான். வெயிலில் வெகுநேரம் நின்றவர், கல்கண்டைப் பழனி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முப்பது கழிந்தது. ஐந்தாம் மாதமும் வந்தது. எங்களை அழைத்துப்போக யாரும் வரவில்லை. அழைக்காமல் தானாகப் போய் நின்றால் புகுந்த வீட்டில் காலம் பூராவும் தலை நிமிர முடியுமா? மாமியார் தெய்வநாயகி சொல்லியனுப்பினாள்: "எம்புள்ளய நாயாட்டம் வெளிய நிக்க வெச்ச போர்ட அந்த மனுஷன் கையாலயே புடுங்கட்டும். அப்பறம் வரோம்."

"புடுங்கிப் போடுப்பா" என்று அப்பாவிடம் சண்டை பிடித்தேன்.

"நானே புடுங்கினா ஊரு காறித் துப்பும், அபிதா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்தேன். தலைவர் மகள் என்று ஊரில் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது. ஆரணி பஸ் சத்தம் கேட்டாலே எனக்கு ஆத்திரம் பொங்கும்.

பிறகு சங்கம் கட்சியானது. கட்சிக்காரனே வேண்டாம் என்று பேசிய அப்பா வீடு வீடாக ஓட்டுக் கேட்டார். சங்கத்து ஆட்களே போடவில்லை. ஆளுக்கொரு பழைய கட்சிக்குத் திரும்பினார்கள். போர்டை எவனோ ஆட்டுக்கொட்டகைக்கு மறைப்பாக எடுத்துப் போனான். அதைக் கேட்டு நான் சந்தோஷத்தில் அழுதேன், வெட்கங்கெட்டவள்.

அப்பா ஜல்தியாக ஆரணிக்கு ஓடினார். "போர்டு இல்லீங்க, சம்பந்தியம்மா."

தெய்வநாயகி தறியை விட்டு எழவில்லையாம். "நீங்களா புடுங்கினீங்க?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. திரும்பி வந்து படுத்துவிட்டார்.

எண்பத்துமூன்றில், பாக்கிக்காரர்களின் கரண்டை வெட்ட ஆட்கள் வந்தார்கள். எங்கள் கிணற்றுக்கு வந்தவர் மாணிக்கவேல். யாரும் மறிக்கவில்லை.

"மாப்ளே, வூடு இங்கதான. ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று அப்பா கெஞ்சினார்.

"டூட்டியில இருக்கேங்க. கரண்டு வெட்டற வூட்ல கை நனைக்கக் கூடாதுங்க."

எனக்குத் தாங்கவில்லை. மகனை இழுத்துப்போய் அவர் எதிரே நிறுத்தினேன். "பாருங்க" என்றேன். அவர் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு ஃபியூஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நல்லா வளந்துட்டான்" என்றார். வழியில் போகிற எவரும் சொல்கிற வார்த்தை.

அவர் சைக்கிளில் ஏறும்போது பையன் என் முந்தானையை இழுத்தான். "யாரும்மா அது?"

"கரண்டாபீஸ் ஆளுடா" என்றேன். அவர் காதில் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன். சைக்கிள் நிற்கவில்லை.