செவலை பார்க்கக் கூடாதது

என் மாமாவின் பெயரை மைக்கில் சொல்லக் கேட்பதற்காக எங்கள் வீட்டார் தென்காசியிலிருந்து ஒரு வேனே பிடித்து வந்தார்கள். புளியோதரை, தயிர்சாதம், ஆய்க்குடிப் பெரியப்பா குடும்பம் எல்லாம் அதில் ஏறியிருந்தன. பெயரும் சொல்லப்பட்டது. இனிஷியல், ஊர் எதுவும் விட்டுப்போகாமல் கணீரென்று சொன்னார்கள். எதற்காகச் சொன்னார்கள் என்பதில்தான் என் பங்கு வருகிறது. அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பதினெட்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். மிலிட்டரிக்காரர் என்றதும் ஊரில் துப்பாக்கியைத்தான் நினைப்பார்கள். மாமாவின் கையில் இருந்ததோ பிரஷும் வாளியும். அதிகாரிகள் போட்டிகளில் ஓட்டும் குதிரைகளைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, சேணம் கட்டி, புறப்படும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அவர் வேலை. ஓட்டம் முடிந்ததும் அதிகாரி இறங்கிக் கோப்பை வாங்கப் போவார். மாமா குதிரையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மூச்சு அடங்கும்வரை நடத்திக்கொண்டிருப்பார். தினமும் விடியற்காலையில் பயிற்சிக்கு ஏறி ஓட்டுவதும் அவர்தான். போட்டி என்று வந்தால் மட்டும் பெயர் வேறொருவருடையதாக இருக்கும். இதை ஒரு குறையாக அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை அம்மாவிடம், “எம் பேர ஒரு தடவ மைக்ல கூப்பிடணும்க்கா, அது போதும்” என்றாராம். அம்மா அதைச் சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தாள்.

ஓய்வு பெற்று வந்தவருக்கு வடகரைக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் வேலை கிடைத்தது. தோப்பின் முதலாளி சென்னைக்காரர், குதிரைப் பிரியர். மூன்று குதிரைகள் வைத்திருந்தார். அதில் ஒருத்திதான் செவலை. பந்தயங்களில் ஓடித் தோற்று, வேண்டாமென்று விற்கப்பட்டவள். நெற்றியில் சுண்ணாம்பால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. ஏறியவர்களையெல்லாம் கீழே தள்ளினாள். மாமா ஒரு மாதம் அவள் மேல் ஏறவே இல்லை. வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் அவளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே இருந்தார். “பொண்ணு பாக்கப் போவோம்னா வரமாட்டேங்கான், குதிரைக்குப் பழம் உரிச்சுக் குடுக்கான்” என்று அப்பா கேலி செய்வார். அடுத்த வருடம் அவள் மாமாவைச் சுமந்துகொண்டு விழுந்துகிடந்த தென்னைமரங்களைத் தாண்டினாள். வேறு யாரையும் அப்போதும் ஏறவிடவில்லை. அதனால்தான் முதலாளி தோப்பில் போட்டி வைத்தபோது, செவலைக்கு நேராக மாமாவின் பெயரையே எழுத வேண்டியதாயிற்று.

போட்டிக்குக் கிராஸ் கன்ட்ரி என்று பெயர். தோப்பையும் அதை ஒட்டிய மேட்டுக்காட்டையும் சுற்றி மூன்று கிலோமீட்டர் பாதை, அதில் பதினான்கு தடைகள். அடுக்கிய தென்னந்தடி, டயர் வரிசை, வைக்கோல் கட்டு, ஓடை, கேந்திப்பூத் தொட்டிகள் வைத்து அலங்கரித்த ஒரு வேலி. குதிரை குதித்து இறங்கும் இடங்களில் கால் நோகாமலிருக்கத் தென்னைநார்த் தூளை மெத்தையாகக் கொட்டியிருந்தார்கள். பதினோராவது தடை ஒரு பெரிய பள்ளம். பள்ளத்துக்குள் குதித்து, கடந்து, எதிர்க்கரையில் ஏற வேண்டும். முதலில் வருகிறவருக்குப் பரிசு என்பதும் இல்லை. குறித்த நேரத்தை ஒட்டி வரவேண்டும். குதிரையை விரட்டிக்கொண்டு ரொம்பச் சீக்கிரம் வந்தால் அதற்கும் மார்க் குறையும். அப்பாவுக்குக் கடைசிவரை இது பிடிபடவில்லை.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமையே என்னை மாமாவிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அன்று மதியம் அவர் பாதையை நடந்து பார்க்கப் போனார். நானும் கூடவே போனேன். ஒவ்வொரு தடைக்கு முன்னும் நின்று காலடி எண்ணினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மண்ணை அமுக்கிப் பார்த்தார். பள்ளத்துக்குள் இறங்கி, அடியில் போட்டிருந்த சரளையை ஓரடி விடாமல் மிதித்துப் பார்த்தார். அங்கே நின்ற தோட்டக்காரரிடம், “மடைய எப்பம் தொறப்பிய?” என்று கேட்டார். “காலைலதான்” என்றார் அவர். என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. எனக்கு அப்போது வேறொரு கவலை.

“செவலைய எப்ப மாமா கூட்டிட்டு வந்து காட்டுவீங்க?”

“அவ பாக்கக் கூடாதுட்டி. அதாம் சட்டம்.”

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஏறி உட்காரப் போகிறவர் ஒன்றுக்கு மூன்று தடவை சுற்றிப் பார்க்கிறார். ஓடப் போகிறவளுக்கு, தாண்டப் போகிறவளுக்கு, விழுந்தால் கால் ஒடியப் போகிறவளுக்கு ஒன்றையும் காட்டக் கூடாதாம். இப்படி ஒரு சட்டம் போட்டவர் யாராக இருந்தாலும் அவருக்குக் குதிரைகளைப் பிடிக்காது என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் சாரல் பிடித்துக்கொண்டது. ஓட்டப் போகிறவர்களையெல்லாம் பங்களாவுக்குக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் போயிருந்தார். நான் லாயத்துக்குப் போய்ச் செவலையின் கயிற்றை அவிழ்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேய்ச்சலுக்கு நான் பிடித்துப் போவது வழக்கம்தான் என்பதால் அவள் கேள்வி கேட்காமல் பின்னால் வந்தாள். ஒன்றாவது தடையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மோந்து பார்க்க வைத்தேன். விளக்கமும் சொன்னேன். வேலிக்கு வந்ததும் இரண்டு தொட்டிக் கேந்திப்பூவை மொட்டையடித்துவிட்டாள். மறுநாள் அந்தப் பழி ஆடுகள் மேல் விழுந்தது. பள்ளத்துக்குள் இறங்கமாட்டேனென்று முதலில் முரண்டு பிடித்தாள். நான் முன்னால் இறங்கி நின்று, “இங்கன ஒண்ணுங் கெடையாதுட்டி. வெறும் பள்ளம். பயப்படாம வா” என்றேன். வந்தாள். சரளையில் நறநறவென்று நடந்து எதிர்க்கரையில் ஏறினாள். லாயத்துக்குத் திரும்பும்போது நான் ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்ட நிறைவில் இருந்தேன்.

காலையில் மாமா அவளுடைய குளம்பைத் தூக்கி மடியில் வைத்து, அழுக்கெடுக்கும் கொக்கியால் சுரண்டினார். குளம்பின் இடுக்கில் அடைபட்டிருந்த தென்னைநார்த் தூள் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அதை விரலால் நசுக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இது எங்கனருந்துட்டி வந்துது?”

நான் மார்தட்டிக்கொள்ளாத குறையாகச் சொன்னேன்.

“எல்லாத்தையுமா காட்டுன?”

“பதினாலயும் மாமா!”

அவர் திட்டவில்லை. அந்தக் குளம்பை மெதுவாகக் கீழே விட்டார். மற்ற மூன்று குளம்புகளையும் அதே பொறுமையோடு சுத்தம் செய்தார். பிறகு கை கழுவி, தலையைச் சீவிக்கொண்டு, தொப்பி போட்ட பெரியவர் ஒருவரிடம் போனார். அவர்தான் தலைமை நடுவர் என்று எனக்குத் தெரியும். மாமா இந்தியில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் ஒரு தடவைகூட என் பக்கம் கை காட்டவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

வேன் வந்து நின்றதும் மைக் அலறியதும் ஒரே நேரத்தில் நடந்தன. மாமாவின் பெயரைக் கேட்டதுதான் தாமதம், இறங்கினவர்களும் இறங்காதவர்களுமாக எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் வந்த ‘டிஸ்குவாலிஃபைட்’ கைதட்டலில் அமுங்கிப் போயிற்று. பக்கத்தில் நின்ற ஒருவர்தான் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

அப்பா நேராக மாமாவிடம் போனார். “எவன் மாப்ள போட்டுக் குடுத்தான்?”

“நாந்தான் சொன்னேன், அத்தான்.”

“உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? யாருமே பாக்கலங்காவ, ஒன்ன எவன் கேட்டான்?”

“மத்த குதிரையெல்லாம் பாக்காமத்தான அத்தான் தாண்டப் போவுது” என்றார் மாமா.

துண்டும் எண்ணெயுமாக வந்திருந்த பெரியப்பா, இனி இங்கே என்ன வேலை, ஐந்தருவிக்கே போய்விடலாமே என்று ஒரு யோசனை சொல்லிப் பார்த்தார். அம்மா பார்த்த பார்வையில் அது அடங்கிப் போயிற்று. நான் ஒரு தென்னைக்குப் பின்னால் போய் அழுதேன்.

அங்கிருந்து பார்த்தால் பள்ளம் தெரிந்தது. மடையைத் திறந்திருந்தார்கள். வாய்க்கால் தண்ணீர் செம்மண்ணாக இறங்கிப் பள்ளம் நிறைந்திருந்தது. மாமா கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அதற்குள் நின்றார். காலால் தடவித் தடவி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தார். ஓரிடத்தில் குனிந்து, தண்ணீரோடு வந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துத் தூர எறிந்தார். போட்டியில்தான் இல்லையே, இவர் எதற்காக இதில் இறங்கி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் ஓட்டினார்கள். வந்து சேர்ந்த ஒவ்வொரு குதிரைக்கும் மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். ஒருவர் பாதி வழியில் கையைத் தூக்கிக்கொண்டு தானாகவே நின்றுவிட்டார். அவர் குதிரையின் லாடம் கழன்றுவிட்டதாம். அவருக்கும் கைதட்டினார்கள். “நின்னவனுக்குமா?” என்று அப்பா கேட்டார். எல்லாம் முடிந்து கூட்டம் பங்களாப் பக்கம் நகர்ந்தபோது, தொப்பிக்காரப் பெரியவர் மாமாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மார்க் கிடையாது, பரிசு கிடையாது, விருப்பமிருந்தால் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று சொன்னாராம். மாமா லாயத்தைப் பார்த்து ஓடினார்.

நாங்கள் பள்ளத்தின் கரையில் போய் நின்றோம். மழை வலுத்திருந்தது. குளம்புச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்தது, ஈரத் தரை அதிர்ந்தது. பிறகு தென்னைகளுக்கு நடுவில் செவலை தெரிந்தாள். நான் வாராவாரம் பழம் கொடுத்த குதிரைதானா இது என்று இருந்தது. டயர் வரிசையை அவள் தாண்டவில்லை, அதன் மேலாகப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். மாமா அவள் முதுகில் இருக்கிறார் என்பதே மறந்துபோகும்படி இருந்தார். “ஏ, யாத்தே” என்றாள் அம்மா.

பள்ளத்தின் விளிம்புக்கு வந்தவள் முன்னங்கால்களை ஊன்றி அப்படியே நின்றுவிட்டாள். மாமா அவள் கழுத்து வரைக்கும் போய், சமாளித்து உட்கார்ந்தார். கீழே கலங்கிய தண்ணீர் மழைக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் மூக்கைச் சீறிக்கொண்டு அதையே பார்த்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னிலும் மாமாவுக்கு இரண்டாவது அவமானம். “அடிங்க மாமா! ஒரு அடி போடுங்க!” என்று கத்தினேன்.

மாமாவின் கையில் சாட்டை இருந்தது. அது அசையவில்லை. கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, அவசரமே இல்லாதவர் போல உட்கார்ந்திருந்தார். செவலையின் ஒரு காது தண்ணீரைப் பார்த்து நின்றது. இன்னொன்று மெல்லப் பின்னால் திரும்பியது. மாமா குனிந்து, “நான் பாத்துட்டேன்ட்டி” என்றார். அவளைத் திருப்பிப் பத்துப் பதினைந்து அடி கொண்டுபோய், மறுபடியும் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவந்தார்.

இந்தத் தடவை அவள் நிற்கவில்லை. எவ்வளவு ஆழம், அடியில் என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாத அந்தத் தண்ணீருக்குள், அரை டன் எடையுள்ள ஓர் உயிர், முதுகில் இருப்பவர் சொன்ன ஒரு சொல்லை மட்டும் நம்பிப் பாய்ந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் எழுந்து எங்கள் மேலெல்லாம் அடித்தது. அதற்குள்ளிருந்து அவள் கழுத்தை நீட்டி வெளியே வந்து, எதிர்க்கரையில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பின்னாளில் எத்தனையோ பெரிய விஷயங்களைப் பார்த்துவிட்டேன், அப்படிச் சிலிர்த்ததில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மாமா குதித்து இறங்கி, முதல் வேலையாக அவள் கால்களைத் தடவிப் பார்த்தார். அப்போது அம்மா மழையில் நடுப்பாதைக்கு வந்து, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, தம்பியின் பெயரை இனிஷியலோடும் ஊரோடும் சேர்த்து ஒரு கூப்பாடு போட்டாள். “தம்பி” என்பதைத் தவிர வேறு வார்த்தையால் அவரை அம்மா கூப்பிட்டு நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். எங்கள் வேன் மறுபடியும் கைதட்டியது. மாமா வெட்கப்பட்டுச் செவலையின் கழுத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“எல்லாம் சரிதான், தண்ணியக் கண்டதும் ஏம்ல நின்னா?” என்று அப்புறம் அம்மா கேட்டாள்.

“கலங்கல் தண்ணிதானக்கா” என்றார் மாமா. அதோடு விட்டுவிட்டார்.

எனக்கோ செவலை மேல் தீராத கோபம். ஊர் பார்க்க மாமாவை நிற்க வைத்துவிட்டாளே. அதற்கு அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நான் கொண்டுபோன பழத்தையெல்லாம் மற்ற இரண்டு குதிரைகளுக்கும் கொடுத்துவிட்டு, அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் வந்தேன். முந்தின நாள் அவள் பார்த்தது சரளை போட்ட வெறும் பள்ளம். ஒன்றும் கிடையாது, பயப்படாமல் வா என்று ஒருத்தி முன்னால் இறங்கி நின்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். மறுநாள் அங்கே வந்தால் அந்தப் பள்ளம் இல்லை. நிற்காமல் என்ன செய்வாள்? இது மாமாவுக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய வெகு வருடங்கள் ஆயின.

மூன்றாவது ஞாயிறு மாமா ஒரு பழத்தை உரித்து என் கையில் வைத்தார். “குடுட்டி. அவ ஒரு தப்பும் பண்ணல” என்றார்.

போனால் போகிறதென்று நான் செவலையை மன்னித்தேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து வாங்கித் தின்றாள்.