அந்தச் சிறுமியின் பற்கள்

சான்டா கிளாராவில் நாங்கள் போகும் சர்ச் கட்டடம் எங்களுடையது அல்ல. காலையில் அமெரிக்கச் சபையார் அங்கே ஆங்கிலத்தில் ஆராதனை நடத்துவார்கள். மாலை நான்கு மணிக்குத் தமிழ் ஆராதனை. சில ஞாயிறுகளில் இரண்டு சபைகளும் சேர்ந்து சாப்பிடுவோம். அப்படி ஒரு நாளில்தான் காலைச் சபையைச் சேர்ந்த ஒரு நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கென்யாவில், மாடு மேய்த்துப் பிழைக்கும் மாசாய் இனத்தாரின் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சான் ஹோசேயில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

தன் ஊரில் மாடுகள் இறங்கும் குட்டையில்தான் மனிதர்களும் தண்ணீர் மொள்கிறார்கள் என்று அவர் சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூடக் கழிப்பறை இல்லை. ஒவ்வொரு வருடமும் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்தார்கள். அவருடைய கடைசித் தங்கையும் அப்படித்தான் போனாள். அதைச் சொல்லிவிட்டு என் தட்டில் இருந்த எலுமிச்சை சாதம் எப்படிச் செய்வது என்று கேட்டார். எனக்குத்தான் அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் கமிட்டி உருவானது அப்படித்தான். தூத்துக்குடிக்காரரான, ஓய்வு பெற்ற இன்ஜினியர் அங்கிள் ஒருவர் தலைவர், நான் செயலாளர். ஒரே வருடத்தில் அந்த ஊரில் ஆழமாகப் போர்வெல் போட்டு, சூரிய வெளிச்சத்தில் ஓடும் மோட்டார் வைத்து, குழாய்கள் இழுத்தோம். பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கழிப்பறைகள் கட்டினோம். வயிற்றுப்போக்கு நின்றது. ஆறு வருடம் கழித்து இன்னொரு ஊருக்கும் செய்யலாமா என்று பேச ஆரம்பித்திருந்தோம்.

அந்தச் சமயத்தில் நர்ஸ் லீவில் ஊருக்குப் போய்விட்டு வந்தார். ஆராதனை முடிந்ததும் ஹாலில் திரை கட்டிப் படங்கள் காட்டினார். குழாயடியில் இரண்டு சகோதரிகள். மூத்தவளுக்குப் பதின்மூன்று இருக்கும். சின்னவளுக்கு ஏழு. தலையில் தண்ணீர் ஒழுக, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே சின்னவளின் முன்பற்களைப் பார்த்தேன்.

குறுக்கே பழுப்புக் கோடுகள். விளிம்பில் அரித்தது போலச் சின்னச் சின்னக் குழிகள். பக்கத்தில் நின்ற அக்காவின் பற்களோ பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

அந்தப் பற்களை எனக்குத் தெரியும். அவை என் பற்கள். நான் பிறந்தது தர்மபுரி மாவட்டத்தில். என் அக்கா குழந்தையாக இருந்தபோது வீட்டில் கிணற்றுத் தண்ணீர் குடித்தார்கள். அவள் பற்கள் வெள்ளை. நான் பிறப்பதற்குள் தெருவில் அடிபம்பு வந்துவிட்டது. நான் வளர்ந்தது அந்தத் தண்ணீரில். ஐந்தாம் வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, பல் விளக்கும் பழக்கம் உண்டா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஆழத்துத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்புதான், ஈறுக்குள் பல் உருவாகும் சின்ன வயதில் குடித்தால், பல்லை இப்படி ஆக்குகிறது என்று கல்லூரிக்குப் போனபிறகுதான் தெரிந்தது. அதே தண்ணீர் என் அப்பாவின் எலும்புகளை இறுக்கியது. நாற்பத்தைந்து வயதில் அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். அமெரிக்கா வந்த முதல் வருடமே சன்னிவேலில் ஒரு பல் டாக்டரிடம் போய் முன்பற்களுக்கு மேலே வெள்ளை ஓடு ஒட்டிக்கொண்டேன். இங்கே என் கணவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

நர்ஸ் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். முந்தின படத்தைக் காட்டச் சொன்னேன். என் குரல் சத்தமாக வந்திருக்க வேண்டும். ஹாலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மற்ற சின்னப் பிள்ளைகளுக்கும் பல் இப்படி இருக்கிறதா என்று கேட்டேன். நிறையப் பேருக்கு இருக்கிறது, சரியாக விளக்குவதில்லை என்றார் அவர். அதற்காகவே இந்த முறை இரண்டு பெட்டி டூத்பிரஷ் கொண்டுபோனாராம். டீச்சர் தினமும் காலையில் வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாராம்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த அங்கிளிடம் போனேன்.

"அங்கிள், அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணினோமே, அதுல ஃப்ளோரைடு பாத்தாங்களா?"

"கிளியர்னுதானம்மா ரிப்போர்ட் வந்துச்சு. நீதானே ஃபைல்ல போட்ட."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். ரிப்போர்ட் ஒரே பக்கம். கிருமி இல்லை, கலங்கல் இல்லை, உப்பு அதிகமில்லை. ஃப்ளோரைடு என்ற வரியே அதில் இல்லை. பழைய ஈமெயில்களைத் தேடினேன். சாதாரணப் பரிசோதனை போதுமா, முழுப் பரிசோதனை வேண்டுமா, முழுசுக்கு இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று தண்ணீரைச் சோதித்த லேப் கேட்டிருந்தது. சாதாரணமே போதும், மோட்டார் வைக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று பதில் போயிருந்தது. கீழே என் பெயர்.

நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன். குபெர்டினோவில் நான் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒரு பட்டனைக்கூடப் பத்து விதமாக அழுத்திப் பார்க்காமல் வெளியே விடமாட்டேன். என் கணவர் பின்னால் நின்று படித்துவிட்டு, "அப்ப உனக்குத் தோணவே இல்லையா?" என்றார். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்குத் தோணவே இல்லை. பல்லை மூடிய அன்றைக்கே அந்தத் தண்ணீரையும் நான் மூடி வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

மறுநாள் நர்ஸை மருத்துவமனை கேன்டீனில் சந்தித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது எலும்புகளைப் பற்றி. இன்னும் பல வருடம் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஈமெயிலையும் காட்டினேன். படித்து முடித்து, போனை என் பக்கமாக மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து வார்டுக்குப் போய்விட்டார். பிறகு இரண்டு வாரம் என் போனை எடுக்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. ஊரிலிருந்த அண்ணனிடம் சொல்லி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பஸ்ஸில் நகரத்து லேபுக்கு அனுப்பியிருந்தார். ரிப்போர்ட் அங்கிளுக்கு வந்தது. குடிக்கத் தகுந்த அளவைவிடப் பல மடங்கு ஃப்ளோரைடு. அங்கிள் எனக்குப் போன் பண்ணினார்.

"நல்ல தண்ணி குடுத்தோம்னுல்லம்மா நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் வீடியோ கால் வைத்தோம். அங்கே சாயங்காலம். நர்ஸ் வந்தார், அங்கிள் வந்தார். என் பதினாறு வயது மகள் லேப்டாப்பை டிவியோடு இணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். திரையில் இருபது பெண்கள். முன்னால் நர்ஸின் அம்மா. நர்ஸ் தங்கள் மொழியில் நீளமாகப் பேசினார். பிறகு அவருடைய அம்மா, தேய்த்தால் அந்தக் கறை போகுமா என்று கேட்டார். போகாது என்றேன். அப்படியானால் தினமும் காலையில் அந்தப் பிள்ளைகளை எதற்காகத் திட்டிக்கொண்டிருந்தோம் என்று கேட்டார்.

தண்ணீரால்தான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று இன்னொரு பெண் கேட்டார். அலமாரியிலிருந்து என் கல்லூரி அடையாள அட்டையை எடுத்துவந்து கேமரா முன் பிடித்தேன். போட்டோ எடுத்தவர் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்ட படம், பற்களில் அதே பழுப்புக் கோடுகள் தெரியும். அதை வெளியில் எடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பெண்கள் திரைக்கு நெருங்கி வந்து பார்த்தார்கள். என் மகள் அட்டையைப் பார்த்தாள், பிறகு என் வாயைப் பார்த்தாள்.

"அம்மா, யூ நெவர் டோல்ட் மீ" என்றாள் மெதுவாக.

நர்ஸின் அம்மா ஏதோ சொன்னார். நர்ஸ் அதை எங்களுக்கு மொழிபெயர்த்தார். போர்வெல்லை மூடிவிடாதீர்கள், அது வந்தபிறகு வயிற்றுப்போக்கில் ஒரு குழந்தையைக்கூட நாங்கள் புதைக்கவில்லை, குடிப்பதற்கு மட்டும் வேறு வழி சொல்லுங்கள் என்றாராம்.

போர்வெல் இன்றும் ஓடுகிறது, மாடுகளுக்கும் துவைக்கவும் கழிப்பறைக்கும். குடிக்க, சமைக்க, பள்ளிக்கூடக் கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கும் தொட்டிகள் வைத்திருக்கிறோம். மாட்டெலும்பைக் கரியாகச் சுட்டு, அதன் வழியாகத் தண்ணீரை இறக்கினால் ஃப்ளோரைடு பெருமளவு குறையும் என்று அந்த நாட்டிலேயே ஒரு முறை இருக்கிறது. நர்ஸ்தான் அதைக் கண்டுபிடித்துப் பள்ளிக்கூடத்தில் வைக்க ஏற்பாடு செய்தார். காலையில் வாயைத் திறக்கச் சொல்லும் பரிசோதனை நின்றுவிட்டது. நடந்ததை நான் எழுதி, இரண்டு சபைகளிலும் என் பெயரோடு வாசித்தேன். இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அங்கிள் முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

என்ன செய்தாலும் அந்தப் பிள்ளைகளின் பற்கள் திரும்பப் போவதில்லை. வறட்சி மாதங்களில் தொட்டி காய்ந்துவிடும். அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து தூரமாக இருக்கும் வீடுகளில் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியும். நர்ஸ் இப்போது என்னோடு பேசுகிறார். பழையபடி அல்ல, வேலையைப் பற்றி மட்டும். போன வாரம் வார்டிலிருந்து போன் பண்ணி, ஊரில் இரண்டு நாளாக நல்ல மழை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.