பம்பரத்தின் கடைக்கதவு

“எத்தன தடவ போட்டுப் பாத்தீங்க?”

வாங்க, உக்காருங்க எல்லாம் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வாங்கும்போதே இதைத்தான் கேட்பார். இரண்டு என்றால் உச்சுக்கொட்டுவார். ஐந்து என்றால் தலையில் கை வைத்துக்கொள்வார். “அடிபட்டுக் கெடக்கறத எழுப்பி எழுப்பி ஓட விட்ருக்கீங்களே!” கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுப்பது அவர் தொழில். எங்கள் கடைவரிசையில் அவருக்குப் பெயர் பம்பரம். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், ஒன்பது வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

உட்கார்ந்தால் கால் ஆடும். காலோடு மேசையும் ஆடும். நோயாளி டிஸ்க்குக்கு அது ஆகாது. அதனால் வேலையைத் தொடங்கிவிட்டால் தன்னைத்தானே வெளியே துரத்திக்கொள்வார். என் கடைக்கு வந்து, அடுக்கி வைத்த பேப்பரையே மறுபடி அடுக்குவார். எரிச்சலாக வரும். அவருடைய கண்ணாடிக் கதவு மட்டும் மழையானாலும் தூசியானாலும் திறந்தே கிடக்கும். இரவில் ஷட்டரை இறக்குவதோடு சரி. “சாத்துனா மூச்சு முட்டுதுண்ணே. உள்ள என்ன ஆகுதுன்னு வெளிய இருந்தே தெரியணும்ல?”

போன வாரம் ஒரு காலை, ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கட்டு, கையில் சின்ன நோட்டு.

“தொண்டையில கட்டி வந்துருச்சுங்க,” என்றார் அக்கா. “ஆபரேஷனுக்கு முன்னாடி, வீட்ல தினம் பேசற பேச்சா ஆயிரம் வாக்கியம் பேசிப் பதிஞ்சு வச்சான். அத வச்சு, இவன் டைப் பண்றத ஃபோன் இவன் கொரல்லயே பேசுமாம். இனிமே இவனால பேச முடியாது. எல்லாம் இதுலதான் இருக்கு.”

“வேற காப்பி?”

அக்கா தரையைப் பார்த்தார்.

“எத்தன தடவ போட்டுப் பாத்தீங்க?”

தம்பி நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘பதினொன்று. நான்தான்.’

பம்பரம் தலையில் கை வைக்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

பக்கத்தில் சாட்சி நிற்பது எனக்குப் பழகிய வேலை. பல வருடத்துக்கு முன் ஒருமுறை, அவசரத்தில் வெற்று டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் நகலெடுத்துவிட்டார். சொந்த அண்ணனின் கல்யாணப் படங்கள் மொத்தமும் போயின. “அண்ணி இன்னிக்கி வரைக்கும் எனக்கு சோறு போடறாங்க, பேசறதில்ல.” அதிலிருந்து பழைய டிஸ்க்கில் சிவப்பு டேப் ஒட்டுவார். பொத்தானை அமுக்குமுன் இன்னொருவர் திரையைப் பார்த்து, எதிலிருந்து எதற்கு நகல் போகிறதென்று உரக்கச் சொல்ல வேண்டும்.

“எதுலேர்ந்து?”

“சிவப்பு.”

“எதுக்கு?”

“புதுசு.”

மூன்று முறை சொல்ல வைத்துத்தான் அமுக்கினார். உடனே என்னோடு என் கடைக்கு ஓடிவந்துவிட்டார்.

“நல்ல எடத்தையெல்லாம் மொதல்ல எடுத்துருவேன். மொரண்டு பிடிக்கற எடத்துக்குக் கடைசியாத்தான் போவேன். நடுவுல அது கண்ண மூடிட்டாலும் கெடச்சது மிச்சம்.” சொல்லிக்கொண்டே என் ஸ்டேப்ளரைத் திறந்து மூடினார். மதியச் சாப்பாடும் நின்றபடிதான். நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பார், திரும்பி வருவார். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு டிஸ்க் ‘டக், டக்’ என்றது. அப்புறம் சத்தமே இல்லை. பம்பரம் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். பின்னாலேயே நானும் போனேன்.

“அது போயிருச்சும்மா,” என்றார். “முக்காவாசி இந்தப் பக்கம் வந்துருச்சுன்னு காட்டுது. தெறக்குதான்னு பாத்தாத்தான் தெரியும்.”

சிவப்பு டேப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிய டிஸ்க்கில் தேடினார். கோப்புகள் வரிசையாக வந்தன. ஏதோ ஒன்றைத் திறந்தார். முதலில் நாற்காலி நகரும் ஓசை. பிறகு கொஞ்சம் கரகரத்த, சாவதானமான ஓர் ஆண்குரல்.

“அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்களேன்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி அசையவில்லை.

பம்பரம் எழுந்து போனார். கீல் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் தள்ளிக் கதவைச் சாத்தினார்.