மாடியிலிருந்து மூன்று நிமிடம்

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் முப்பது வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். ஹெல்மெட் போடாமல் வந்தால் மேனேஜரே ஆனாலும் கேட்டோடு திருப்பி அனுப்புவேன். "ரூல்னா ரூல்தான்யா!" என்று நான் போடும் சத்தம் மூன்று ஷெட் தாண்டிக் கேட்கும். அப்பேர்ப்பட்டவன், பாகலூர் சாலையில் நாங்கள் தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தின் மாடிப்படியில் நின்று, ஒரு ரூலைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மாவிடம் கெஞ்சினேன்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்துவிட்டது. கணவன் மனைவி சேர்ந்து தங்க இரண்டு கட்டில் போட்ட அறை மாடியில்தான் கிடைத்தது. நடக்க முடியாதவரை மாடியில் வைக்கக் கூடாது, தீப்பிடித்தால் யார் இறக்குவது என்று கேட்டார் அதிகாரியம்மா. கீழே பெண்கள் ஹாலில் ஒரு கட்டில் காலி. அவள் அங்கே, நான் மேலே. ராத்திரி தண்ணீர் வேண்டுமென்றால் என் தோளைத் தட்டியே பழகியவள் அவள். அதிகாரியம்மா சொன்னது அத்தனையும் சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் கடுமையாகப் பேசியிருப்பேன். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணு நிமிஷத்துல எறக்கிக் காட்டுறேன் மேடம். டிரில் வெச்சுப் பாருங்க!" என்றேன்.

"ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். பத்திரமா எறக்கிக் காட்டுங்க, மாடியிலயே இருக்கலாம்னு நான் எழுதித் தர்றேன்" என்றார்.

அடடா, அந்த இரண்டு வாரம்! ரிட்டயர் ஆனவன் என்பதே மறந்துபோனது. சாக்பீஸை எடுத்துத் தரையெல்லாம் அம்புக்குறி போட்டேன். மாமரத்தடியில் எல்லோரும் வந்து கூட வேண்டும் என்று போர்டு மாட்டினேன். பழைய சைரன் ஒன்றைத் தேடிப் பிடித்து வராந்தாவில் பொருத்தினேன். முதல் ஒத்திகை. சைரன் அலறியது. அறைகளிலிருந்து சுறுசுறுப்பாக எல்லோரும் வெளியே வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்கள் நேராகப் போய்க் கை கழுவினார்கள்! பாதிப் பேர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். சைரன் அடித்தால் சாப்பாடு என்பது உடம்பில் ஊறிப்போன பழக்கம். ஒருவர் அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவுகிறார். மீதிப் பேர் அவர்கள் பின்னால் தட்டோடு நிற்கிறார்கள்.

"ஏனு சார் இது, எல்லாரும் ஊட்டக்கே ஹோக்தாவ்ரே!" என்று வார்டனம்மா கன்னடத்தில் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சாப்பிடப் போகிறார்களாம். என் மனைவி மாடி ஜன்னலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சைரனைக் கழற்றி எறிந்தேன். விசிலுக்கு மாறினேன். கீழ் அறையில் நாட்றாம்பாளையத்து விவசாயி ஒருவரும் அவருடைய மச்சானும் இருந்தார்கள். மலையிலேயே ஏறி இறங்கி வளர்ந்த கால்கள். எழுபதைத் தாண்டியும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவார்கள். விசில் விவசாயி கையில், கெட்டிப் போர்வையின் கால்பக்கம் அவர் மச்சான் கையிலும் ஒரு பணியாளர் கையிலும், தலைப்பக்கம் நானும் இன்னொரு பணியாளரும். போர்வையில் அரிசி மூட்டையை வைத்துப் பழகினோம். கடைசியில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே இறக்கினோம்!

சொன்னபடியே இரண்டு வாரம் கழித்துக் காலையில் வந்த அதிகாரியம்மா மாமரத்தடியில் செல்போனில் நேரத்தை ஓடவிட்டு நின்றார். விவசாயி விசிலை ஊதினார். போர்வையோடு மனைவியைத் தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் என் முழங்கால் மடங்கியது. என் பக்கம் போர்வை சரிந்து, அவள் தலை கைப்பிடிக் கம்பியை உரசுவதுபோல் போய்த் தப்பியது. இடைவெளி ஒரு விரற்கடை கூட இருக்காது. எப்படியோ சமாளித்துத் தூக்கி, ஓடி, மாமரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

"சூப்பர் சார்! டைமுக்குள்ள வந்துட்டீங்க" என்றார் அதிகாரியம்மா. எல்லோரும் கை தட்டினார்கள். உள்ளே நடந்ததை அவர் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம், திறக்கவில்லை!

போர்வையில் கிடந்தபடி மனைவி என்னையே பார்த்தாள். "ஏங்க, நியர் மிஸ் எழுதலையா?" என்றாள் மெதுவாக.

மயிரிழையில் தப்பிய விபத்தைத்தான் கம்பெனியில் அப்படிச் சொல்வோம். அதை மறைத்தவர்களை நான் திட்டிய திட்டு கொஞ்சமா நஞ்சமா? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதிகாரியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "இது பாஸ் இல்ல மேடம். ஃபெயில்."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப அம்மா இன்னிக்கே கீழ ஹாலுக்கு வந்துரணும் சார். வேற வழியில்ல" என்றார். நான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விசிலைக் கழுத்தில் மாட்டியபடி நின்ற விவசாயி, "இன்னா சார், கீழ சேந்து தங்க ரூமு ஓணும், அவ்ளோதான?" என்றார். "எங்க ரூமு ரெண்டு கட்டிலு தான? எடுத்துக்கோங்க. நானும் மச்சானும் மேல போய்க்கிறோம். காத்தாவது வரும்."

நான் அவரையே வெறித்துப் பார்த்தேன். "யோவ், இதை ரெண்டு வாரம் முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க? பீப்பிய குடுத்து ஊதச் சொன்னீங்க, ஊதுனேன்."

மாமரத்தடியே சிரித்தது. அதிகாரியம்மா கூட. நான் மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்கு முதல் வகுப்பில் முதல் வரியாக நான் போர்டில் எழுதிவந்ததே இதுதான்: ஆபத்தை முதலில் இடத்தைவிட்டே நீக்கு, பயிற்சியெல்லாம் அப்புறம்.

மதியமே அறை மாற்றினோம். மனைவி புதுக் கட்டிலிலிருந்து, நியர் மிஸ் ரிப்போர்ட் எழுதச் சொல்லி ஒரு நோட்டை நீட்டினாள். நடந்தது என்ன என்ற இடத்தில் முழங்கால் மடங்கியதை எழுதினேன். மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் பேனா நின்றது. அவள் விடவில்லை, எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கூட இருப்பவர்களிடம் முதலில் வாய் திறந்து கேட்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.