கருவாட்டின் மேல் உட்கார்ந்த ஈயின் கண்

பள்ளிக்கூடப் போட்டோ போட்டிக்கு இன்றே கடைசி நாள். என் மகள் இரண்டு வாரமாக எடுத்த பூச்சிப் படங்கள் எல்லாமே மங்கல்.

காலையில் எண்ணூர் பக்கம் கருவாடு காயப்போட்ட மணலில் குப்புறப் படுத்துவிட்டாள். செல்போனில் மேக்ரோ லென்ஸ், எதிரே ஓர் ஈ. முழங்கையை மண்ணில் ஊன்றி, மூச்சை அடக்கி, ஈயின் கண்ணுக்கு நேராகப் போனை மெல்ல மெல்ல நகர்த்தினாள்.

கருவாட்டில் ஈயைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? துண்டால் விசிறிவிட்டேன்.

"நைனா! உன்ன இன்னா பண்றது? கைய கட்டிக்கினு நில்லு!"

நின்றேன்.

அடுத்த ஈ வந்தது. விடாமல் இருபது படம் எடுத்தாள். கடைசிப் படத்தில் அந்தக் கண்ணின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தெரிந்தது. பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதிய எனக்கு இப்படி ஒரு மகள்!

பெருமை தாங்காமல் கருவாடு விற்கும் அக்காவிடம் காட்டினேன்.

"சூப்பரா கீதுண்ணே!" என்றவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஆனா இது என் கருவாடுன்னு எவன்கிட்டயும் சொல்லிடாத. யாவாரம் பூடும்!"

படம் கீழே இருக்கிறது. தாராளமாகப் பாராட்டுங்கள். யார் கருவாடு என்று மட்டும் கேட்காதீர்கள்.